அறியா வினா கேட்கப் பழகுவது எப்படி

31 ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புக்கு வினா வகைகள் நடத்துவேன். அறி வினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்று ஆறையும் பிள்ளைகள் ராகம் போட்டுச் சொல்வார்கள். விடை தனக்குத் தெரிந்திருந்தும், மாணவருக்குத் தெரியுமா என்று பார்க்க ஆசிரியர் கேட்பது அறி வினா. தனக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்பது அறியா வினா.

2018-இல் ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஒரு நாளைக்கு வகுப்பில் ஐம்பது கேள்வியாவது கேட்டிருப்பேன். அத்தனையும் அறி வினா. வீட்டில் கேட்டவை பெரும்பாலும் ஏவல் வினா: "இன்னும் குளிக்கப் போகலையா?" கடையில் கொளல் வினா: "துவரம்பருப்பு இருக்கா?" எனக்கு நிஜமாகவே தெரியாத ஒன்றை, தெரிந்த ஒருவரிடம் போய்க் கேட்டது எப்போது என்று யோசித்தால், ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

இப்படி யோசிக்க வைத்தது ஒரு மாத்திரை. 2017-இல் எனக்குத் தைராய்டு குறைவு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். சீட்டில் "காலை 1" என்று இருந்தது. நான் தலையாட்டிவிட்டு வந்தேன். காலை ஐந்தரைக்கு எனக்குக் காபி வேண்டும். காபியோடு அந்த மாத்திரை, கூடவே எலும்புக்காகக் கொடுத்த கால்சியம் மாத்திரை. எல்லாவற்றையும் ஒரே வேளையில் போட்டால் மறக்காது என்று நானே வகுத்துக்கொண்ட முறை அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. தைராய்டு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். அளவு இறங்கவே இல்லை. 50 மைக்ரோகிராம் 75 ஆனது, 75 நூறானது. ஒன்றரை ஆண்டு இப்படியே போனது. உடம்பு அசதி, முடி கொட்டல், எல்லாம் அப்படியே.

ஒரு நாள் மருந்துக் கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு பெண் சீட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதை எதோட சாப்பிடுறீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "ஐயோ அம்மா, இதை வெறும் வயித்துல, தண்ணியோட மட்டும்தான் போடணும். அரை மணி, ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காபி. கால்சியத்துக்கும் இதுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேணும்" என்றாள். காபியும் கால்சியமும் அந்த மருந்தைக் குடலில் சரியாகச் சேரவிடாதாம். அவள் சொன்னபடி மாற்றினேன். மருத்துவரிடமும் போய்ச் சொன்னேன். அடுத்தடுத்த பரிசோதனைகளில் அளவு இறங்கியது, மருந்தையும் அவரே குறைத்தார்.

அவர் சொல்லவில்லை என்று குறைப்பட எனக்கு மனமில்லை. நான் கேட்கவும் இல்லையே. என் வயதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத அந்தப் பெண், தனக்குத் தெரியாத ஒன்றை என்னிடம் கேட்டாள். ஒரே ஓர் அறியா வினா. ஒன்றரை ஆண்டு அசதிக்கு அது வழி சொல்லிவிட்டது.

அன்றிலிருந்து கேட்கப் பழகி வருகிறேன். நாற்பது, ஐம்பது, அறுபது வயதில் இருப்பவர்களுக்கு உதவும் என்று, பழகிய விதத்தை எழுதுகிறேன்.

வீட்டுக்குள்ளிருந்து தொடங்குங்கள்

ஒரு 80 பக்க நோட்டு வாங்குங்கள். இடப்பக்கத்தில் தேதியும் கேள்வியும். அதற்குக் கீழேயே உங்கள் ஊகத்தையும் எழுதிவிடுங்கள். வலப்பக்கம் விடைக்கு. விடை அன்றே கிடைக்கலாம், ஆறு மாதம் கழித்தும் கிடைக்கலாம். அதுவரை அந்தப் பக்கம் காலியாகவே இருக்கட்டும்.

ஊகத்தை எழுதுவதுதான் இதில் முக்கியம். வெறுமனே கேட்டுத் தெரிந்துகொண்ட விடை இரண்டு நாளில் மறந்துவிடும். "நான் இப்படி நினைத்தேன், அது அப்படி இல்லையாம்" என்று தெரிந்துகொண்டது மறக்காது. வகுப்பிலும் அப்படித்தான். தப்பாகச் சொல்லிவிட்டுத் திருத்தப்பட்ட பிள்ளைக்குத்தான் அந்தப் புணர்ச்சி விதி கடைசிவரை நினைவிருக்கும்.

என் நோட்டின் முதல் கேள்வி கேஸ் சிலிண்டரைப் பற்றியது. சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறம் ஓர் எழுத்தும் எண்ணும் எழுதியிருக்கும்: பி-27, டி-26 என்பதுபோல. பல ஆண்டுகளாக அந்தச் சிலிண்டரை உருட்டி வைத்திருக்கிறேன். எழுத்தைப் பார்த்திருக்கிறேன். அது என்ன என்று நினைத்ததில்லை. "எந்த ஆலையில் நிரப்பியது என்பதற்கான குறி" என்று ஊகம் எழுதினேன். அடுத்த முறை சிலிண்டர் கொண்டுவந்த தம்பியிடம் கேட்டேன். அவர் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். "இத்தனை வருஷத்துல இதை யாரும் கேட்டதில்லைங்கம்மா" என்றார். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். எண் ஆண்டைக் குறிக்கும். அந்தச் சிலிண்டரை அடுத்து எப்போது சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்ற கெடு அது. பி-27 என்றால் 2027 ஜூனுக்குள் சோதனை. கெடு தாண்டிய சிலிண்டர் வந்தால் வாங்காமல் மாற்றிக் கேட்கலாம். இப்போது எங்கள் தெருவில் ஏழெட்டு வீட்டில் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

இரண்டாவது கேள்வி, பால் ஏன் பொங்குகிறது, தண்ணீர் ஏன் பொங்குவதில்லை. இதை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை, அடுப்பருகே நின்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிட்டது. தண்ணீரில் குமிழி மேலே வந்ததும் உடைகிறது. பாலில் புரதமும் கொழுப்பும் சேர்ந்து மேலே ஆடை கட்டிவிடுகின்றன. அடியிலிருந்து வரும் ஆவி வெளியேற வழியில்லாமல் ஆடையையே தூக்கிக்கொண்டு வருகிறது. என் அம்மா பால் பாத்திரத்தில் ஒரு கரண்டியைப் போட்டு வைப்பாள். அந்தக் கரண்டி ஆடையைக் கிழித்து ஆவிக்கு வழிவிடுகிறது என்பது எனக்கு 59 வயதில்தான் புரிந்தது. அம்மா இருந்தபோதே கேட்டிருக்கலாம். அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதும் சேர்ந்து தெரிந்திருக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும். முதல் வாரம் ஒன்றும் தோன்றாது. சும்மா உட்கார்ந்து யோசித்தால் வராது. கையில் இருக்கும் பொருளைத் திருப்பிப் பாருங்கள், வரும்.

கூட இருப்பவரிடம் கேளுங்கள்

இதை நான் நாலாவது மாதத்தில்தான் செய்தேன், முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

என் கணவர் 33 ஆண்டுகள் தபால் துறையில் வேலை பார்த்தவர். ஒரு மாலை ஒரு கவரில் முகவரி எழுதிக்கொண்டிருந்தேன். 612001 என்று எழுதும்போது, இந்த ஆறு எண்ணுக்கும் பொருள் உண்டா என்று தோன்றியது. "ஏங்க, இந்த 612001-ல ஒவ்வொரு நம்பருக்கும் அர்த்தம் இருக்கா?" என்றேன்.

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். கவரின் பின்பக்கத்தில் கட்டம் போட்டார். முதல் எண் மண்டலம். 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும் இருக்கும் தென்பகுதி. இரண்டாவது எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் அதற்குள் ஒரு பகுதி. முதல் மூன்றும் சேர்ந்தால் தபால்களைப் பிரிக்கும் மாவட்டம். கடைசி மூன்று, கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் அஞ்சலகம். இந்த முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. அதற்கு முன் ஒரே பெயரில் நாலு ஊர் இருந்தால் கடிதம் எப்படியெல்லாம் அலைந்தது என்று சொன்னார். கையெழுத்துப் புரியாத முகவரியைப் பிரிப்பதற்கென்றே கைதேர்ந்தவர்கள் இருந்ததைச் சொன்னார். இரவு வண்டியில், ஓடுகிற ரயிலுக்குள் நின்றபடியே கடிதம் பிரித்த தன் ஆரம்ப நாட்களைப் பற்றிச் சொன்னார். எங்களுக்குக் கல்யாணம் ஆகி 34 ஆண்டு அப்போது. இதில் ஒரு சொல்கூட எனக்குத் தெரியாது. சாப்பாடு ஆறிப்போனது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

சரி, இதில் பழக வேண்டியது என்ன? வீட்டில் நாம் கேட்கும் "ஏன்" பெரும்பாலும் ஏவல் வினா, இல்லாவிட்டால் குற்றப்பத்திரிகை. "ஏன் லேட்டு?", "ஏன் போனை எடுக்கலை?", "ஏன் இதை வாங்கிட்டு வந்தே?" கேட்கப்படுகிறவர் விடை சொல்ல மாட்டார், சமாதானம் சொல்வார். அதனால் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பொருளைப் பற்றிக் கேட்கும்போது "ஏன்". மனிதரைப் பற்றிக் கேட்கும்போது "என்ன", "எப்படி". மகனிடம் "ஏன் இவ்வளவு நேரம் ஆபீஸ்ல?" என்று கேட்ட காலத்தில் "வேலை இருந்தது" என்ற இரண்டு சொல்தான் கிடைக்கும். "இன்னைக்கு ஆபீஸ்ல என்ன நடந்தது, எதுல மாட்டிக்கிட்டே?" என்று கேட்ட அன்று அவன் முக்கால் மணி நேரம் பேசினான். சர்வர் என்றால் என்ன என்று அன்றுதான் எனக்கு ஓரளவு விளங்கியது.

வேலை செய்கிறவரிடம் கேட்பது

கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை பக்கம்தான். அங்கே ஐம்பொன் சிலை வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறைகள் உண்டு. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் "சிலை எப்படிச் செய்றீங்கன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க" என்று கேட்டேன். அவரும் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லும் ஐந்து வரியைச் சொன்னார்: மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூடாக்கி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகம் ஊற்றுவோம். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அத்தோடு முடிந்தது.

ஓய்வு பெற்ற பிறகு தனியாகப் போனேன். இந்த முறை போனவுடன் எதுவும் கேட்கவில்லை. ஓரமாக உட்கார அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தேன். வயதில் மூத்த ஸ்தபதி ஒருவர் கையில் ஒரு தென்னை ஓலைக் கீற்று இருந்தது. அதில் வரிசையாக மடிப்புகள். மெழுகு உருவத்தின் மேல் அதை வைத்து வைத்துப் பார்த்தார். அவர் தேநீருக்கு எழுந்தபோது, "ஐயா, அந்த ஓலையில மடிப்பு எதுக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

அந்த ஒரு கேள்விக்கு நாற்பது நிமிடம் பதில் கிடைத்தது. செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கு ஓலையை வெட்டிக்கொள்கிறார்கள். பிறகு அதை முறைப்படி மடிக்கிறார்கள். முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, மார்பு இவ்வளவு என்பதெல்லாம் மடிப்பிலேயே வந்துவிடுகிறது. தாளம் என்பது ஓர் அளவு, ஒரு தாளத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். ஆனால் இந்த அங்குலம் கடையில் விற்கும் ஸ்கேலில் இருக்கும் அங்குலம் இல்லை. சிலை பெரிதானால் அங்குலமும் பெரிதாகும், சிறிதானால் சிறிதாகும். "ஸ்கேலை வெச்சா ஒவ்வொரு சிலைக்கும் கணக்குப் போடணும். ஓலையை மடிச்சா கணக்கு ஓலையிலேயே இருக்கு" என்றார். இருபது ஆண்டு முன்பே நான் இதைக் கேட்டிருந்தால் என் பிள்ளைகளுக்கு எப்பேர்ப்பட்ட பாடம் கிடைத்திருக்கும்.

அடுத்து, "எவ்வளவு உலோகம் உருக்கணும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். மெழுகு உருவத்தை முன்னாலேயே எடை போட்டுவிடுகிறார்கள். மெழுகு இருந்த இடத்தை உலோகம் நிரப்பப் போகிறது. அதே இடத்தை அடைக்கும் உலோகம் மெழுகைப்போல எட்டொன்பது மடங்கு கனம். அதைக் கணக்கிட்டு, சேதாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்து உருக்குகிறார்கள். முதல் பூச்சுக்கு ஏன் காவிரி வண்டல் மண் என்று கேட்டேன். அவர் ஒரு சிட்டிகை எடுத்து என் உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினார். மாவுபோல் இருந்தது. மெழுகில் இருக்கும் நகக்கோடு அளவு நுணுக்கம்கூட அந்த மண்ணில் பதிந்துவிடும். மேல் பூச்சுகளுக்குத்தான் கரடான மண்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட முறை இது. முதலில் பார்க்க வேண்டும். பிறகு கையில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றி, ஒரே ஒரு சின்னக் கேள்வி. "எப்படிச் செய்றீங்க" என்ற பெரிய கேள்விக்கு எல்லோரிடமும் ஒரு தயார் விடை இருக்கிறது. "இந்த மடிப்பு எதுக்கு" என்ற கேள்விக்குத் தயார் விடை கிடையாது, அந்த நேரத்தில் அவர் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். வேலையின் நடுவில் கேட்கக் கூடாது. உலோகம் ஊற்றும் நாளில் வாயே திறக்கக் கூடாது, அன்று அவர்கள் கவனம் முழுக்க உலையில் இருக்கும். போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினாலும் பேச்சு மாறிவிடுகிறது. முதலில் காது கொடுங்கள், படம் பிறகு.

யாரிடமும் கேட்கத்தக்க ஒரு கேள்வியும் உண்டு. "இந்த வேலையைப் பழகும்போது உங்களுக்கு எது கைவராமல் இருந்தது?" தையல்காரரிடம், நாதஸ்வரக்காரரிடம், பேருந்து ஓட்டுநரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். எல்லோருமே ஒரு கணம் நிறுத்திவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறார்கள். அந்த ஸ்தபதி, வெயில் காலத்தில் மெழுகு இளகி விரல்கள் சரிந்துவிடும் என்றும், தண்ணீரில் போட்டுப் போட்டு இறுக வைத்து வேலை செய்யும் பக்குவம் வர ஆண்டுக்கணக்கானது என்றும் சொன்னார்.

"இது கூடவா தெரியாது?"

பெரியவர்களை வாயடைக்க வைப்பது இந்தப் பயம்தான். எனக்கு அது இரட்டிப்பாக இருந்தது. ஊரில் எல்லோரும் என்னை டீச்சர் என்கிறார்கள். டீச்சருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர்களும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். போனில் பணம் அனுப்பத் தெரியாமல் இரண்டு ஆண்டு, கையில் ரொக்கம் இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதற்கு நான் கண்ட வழி, தெரியாது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவது. "தம்பி, எனக்கு இது தெரியாது. முதலிலிருந்து சொல்லித் தர்றீங்களா?" இப்படித் தொடங்கினால் யாரும் எள்ளுவதில்லை. பாதி தெரிந்ததுபோல் காட்டிக்கொண்டு கேட்டால்தான் எதிரில் இருப்பவர் குழம்புகிறார். நமக்கு எது தெரியும், எது தெரியாது என்று அவருக்கே தெரியாமல் போகிறது. பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனிடம் ஒரு மாலை இப்படிக் கேட்டுப் பணம் அனுப்பக் கற்றுக்கொண்டேன். பணம் வாங்குவதற்கு ரகசிய எண்ணைப் போடத் தேவையே இல்லை, போடச் சொல்லி யாராவது கேட்டால் அது மோசடி என்பதையும் அவன்தான் சொன்னான். அது ஒன்றுக்காகவே கேட்டது தகும்.

மருத்துவரிடம் போகும்போது

இங்கே மட்டும் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே போனால் பதற்றத்தில் பாதி மறந்துவிடும். எனக்கு நாலு கேள்வி நிரந்தரம். இந்த மருந்து எதற்கு? எப்போது, எதோடு சாப்பிட வேண்டும், எதோடு சாப்பிடக் கூடாது? எத்தனை நாள்? என்ன ஆனால் உடனே வர வேண்டும்? ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளின் பட்டியலும் அதே தாளில் இருக்கட்டும்.

கிளம்பும் முன் ஒன்று செய்யுங்கள்: "நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன் டாக்டர், சரியான்னு பாருங்க" என்று ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். முப்பது வினாடி ஆகும். கூட்டம் அதிகம், நேரமில்லை என்று அவர் நினைத்தாலும் பரவாயில்லை. அங்கே கேட்க முடியாமல் போனதை மருந்துக் கடையில் மருந்தாளுநரிடம் கேளுங்கள். அதைச் சொல்லத்தான் அவர் படித்திருக்கிறார்.

விடையைக் காது கொடுத்துக் கேட்பது

வினா ஆறு வகை என்றால் விடை எட்டு வகை: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. முதல் மூன்றும் வெளிப்படை விடைகள், மற்ற ஐந்தும் குறிப்பால் சொல்பவை. பரீட்சைக்காக நடத்திய இந்தப் பகுதிதான் இப்போது எனக்கு அதிகம் பயன்படுகிறது.

அரிசிக் கடையில், "இது பழைய அரிசியா?" என்று கேட்டால், "பொன்னி நல்லா உதிரியா வரும்மா" என்கிறார். கேட்டது ஒன்று, வந்தது அதற்கு இனமான இன்னொன்று. இனமொழி விடை. பழையதா என்பதற்கு விடை இன்னும் வரவில்லை என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு, கோபப்படாமல், அதே கேள்வியை இன்னொரு முறை கேட்க வேண்டும். "எத்தனை மாசப் பழசு?" என்று எண்ணில் கேட்டால் நழுவ இடம் குறையும். தொலைபேசியில் முதலீடு விற்கிறவரிடம், "பணம் திரும்ப வராம போகுமா?" என்று கேட்டால், "உங்களை ஏமாத்துவேனாம்மா?" என்பார். அது வினா எதிர் வினாதல். அங்கேயே போனை வைத்துவிடலாம்.

அரசு அலுவலகத்தில் வாய்மொழி விடையை நம்பி அலைய வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் கட்டணத்தோடு அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கேட்கும் விதத்தில் மட்டும் கவனம் வேண்டும். எங்கள் தெருவில் வடிகால் வேலை பாதியில் நின்றபோது, "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று எழுதத்தான் கை போனது. ஆனால் அந்தச் சட்டப்படி பதிவேட்டில் இருக்கும் தகவலைத்தான் தர வேண்டும், விளக்கத்தையோ கருத்தையோ தர வேண்டியதில்லை. அதனால், பணி ஆணையின் நகல், முடிக்க வேண்டிய தேதி, இதுவரை கொடுத்த தொகை என்று மூன்றும் கேட்டு எழுதினோம். நகல் வந்தது. தேதி தாண்டி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசப் போனபோது பேச்சே வேறு மாதிரி இருந்தது.

இன்னொரு வகை விடையும் உண்டு. எல்லோரும் சொல்வது, கேட்கவும் நன்றாக இருப்பது. எங்கள் ஊர் டிகிரி காபிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பால்மானி வைத்துப் பார்த்த, தண்ணீர் கலக்காத பால் "டிகிரி பால்", அதில் போட்டதால் டிகிரி காபி என்பார் ஒருவர். சிக்கரி என்ற சொல் பேச்சில் சிகிரி, டிகிரி என்று திரிந்தது என்பார் இன்னொருவர். முதல் டிகாக்ஷனில் போட்டதால் முதல் டிகிரி என்பவரும் உண்டு. நான் மூன்றையும் வலப்பக்கத்தில் எழுதி, எந்தக் கடையில் யார் சொன்னது என்றும் குறித்திருக்கிறேன். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்ற இரண்டையும் அடித்துவிடவில்லை.

பெரிய மனிதர் சொன்ன விடையையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கலாம். கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் நீலம் அதில் பிரதிபலிப்பதால்தான் என்று இங்கிலாந்தின் பெரிய இயற்பியலாளர் ரேலி பிரபு சொல்லியிருந்தார். 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார் சி.வி. ராமன். அப்போது அவருக்கு 32 வயது, கல்கத்தாவில் பேராசிரியர். மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து அந்த விடையில் அவருக்குச் சந்தேகம் வந்தது. கையில் ஒரு நிக்கோல் பட்டகம் இருந்தது, ஒளியை வடிகட்டிப் பார்க்க உதவும் படிகத் துண்டு. அதன் வழியாகப் பார்த்து, நீர்ப்பரப்பிலிருந்து பிரதிபலிக்கும் ஒளியைத் தடுத்தார். வானத்தின் பிரதிபலிப்புத்தான் காரணம் என்றால் நீலம் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. கடல்நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று பம்பாய்த் துறைமுகத்திலிருந்தே எழுதி அனுப்பினார். ஒளி சிதறுவதைப் பற்றி அங்கே தொடங்கிய ஆராய்ச்சிதான் ராமன் விளைவைக் கண்டறிந்த 1928 பிப்ரவரி 28-க்கும், 1930-இன் நோபல் பரிசுக்கும் கொண்டுபோனது. நம்மிடம் பட்டகம் இருக்க வேண்டியதில்லை. "இது உண்மையானால் வேறு என்ன நடக்க வேண்டும்? அது நடக்கிறதா?" என்று கேட்டுப் பார்ப்பதுதான் அவர் செய்தது. அதைச் சமையலறையிலும் செய்யலாம்.

பிள்ளைகள் கேட்கும்போது

என் பேத்திக்கு ஆறு வயது, சென்னையில் இருக்கிறாள். இந்த விடுமுறையில் தஞ்சாவூரிலிருந்து இரவுப் பேருந்தில் வந்துகொண்டிருந்தோம். "பாட்டி, நிலா ஏன் நம்ம கூடவே வருது?" என்றாள். முன்பெல்லாம் என்றால், "உன்னைப் பிடிச்சிருக்கு, அதான் வருது" என்று சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்வது எனக்கு இப்போது பிடிப்பதில்லை. அவள் கேட்டது அறியா வினா. அதைக் கொஞ்சி மழுப்பக் கூடாது.

"எனக்கும் சரியாத் தெரியலை, ரெண்டு பேரும் பார்ப்போம். ஜன்னல்ல எது வேகமா ஓடுது?" என்றேன். ரோட்டோர மரம் என்றாள். "எது மெதுவாப் போகுது?" தூரத்தில் தெரிந்த ஒரு செல்போன் கோபுரத்தின் சிவப்பு விளக்கைக் காட்டினாள். "அப்போ அதைவிட ரொம்ப ரொம்பத் தூரத்துல ஒண்ணு இருந்தா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. மூக்கை ஜன்னல் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு மரம், விளக்கு, நிலா என்று மாற்றி மாற்றிப் பார்த்தாள். "அது நகரவே நகராது" என்றாள். நிலா 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்பதை வீட்டுக்கு வந்து அவளே தாத்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

மறுநாள் காலை அவள் என் நோட்டை எடுத்துப் புரட்டினாள். காலியாக இருந்த வலப்பக்கங்களை எண்ணி, "பாட்டி, உனக்கு இருபத்தி மூணு தெரியலை" என்றாள். அப்புறம் கடைசிப் பக்கத்தில் தன் கையெழுத்தில் ஒன்றைச் சேர்த்தாள். வாசலில் வெற்றிலை விற்கிற அம்மா "ஒரு கவுளி எடுத்துக்கங்க" என்று சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. முந்தின நாள் சுவரில் பல்லி கத்தியபோது நான் "கவுளி அடிக்குது" என்று சொன்னதும் நினைவில் இருந்திருக்கிறது.

"வெத்தலையும் கவுளி, பல்லியும் கவுளி. ஏன்?"

31 ஆண்டு தமிழ் நடத்தியவள் நான், இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. அவள் கேள்விக்குக் கீழே என் ஊகத்தை எழுதிவிட்டேன். வெற்றிலைக்கார அம்மா செவ்வாய், வெள்ளியில் வருவார். நாளை வெள்ளிக்கிழமை.